சிங்கப்பூரிலிருந்து பைக்கில் செராத்திங் வரை: முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் கிழக்குக் கரையோரம் ஜோகூர் பாருவிலிருந்து மேலே ஏறிப்போகும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலைதான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பு. கோத்தா திங்கி, மெர்சிங், எண்டாவ், ரொம்பின், பெக்கான், குவாந்தான், கடைசியில் கடற்கரைக் கிராமமான செராத்திங் என்று வரிசையாக ஊர்கள். சில இடங்களில் கடல் சாலையை ஒட்டியே வரும். சில இடங்களில் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓட்டுவது சிரமமே இல்லை. சிரமமெல்லாம் கிளம்புவதற்கு முன்னால்தான். காப்புறுதி செல்லுமா, எந்தப் பெட்ரோல் போடலாம், சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தை எந்த நேரத்தில் தாண்டலாம் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வருகிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகவர ஏறத்தாழ 750 கிலோமீட்டர். இதை மூன்று நாளில் முடிக்கிறவர்கள் உண்டு. என் கருத்தில் ஐந்து நாள் வேண்டும். அவ்வளவு விடுப்பு இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். குறுகிய பயணத்துக்கு ஒரு வழி ஏழாம் படியில் இருக்கிறது.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. சிங்கப்பூரில் நாம் பார்க்கிற மழையை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள். கிழக்குக் கரையில் அந்த மாதங்களில் ஆறுகள் கரை தாண்டும், கோத்தா திங்கியில் வெள்ளம் புகும், சாலை துண்டிக்கப்படும். தங்கும் விடுதிகள் பல அப்போது மூடியே கிடக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம்.

நோன்புப் பெருநாள் அந்தக் காலத்தில் வந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கோலாலம்பூரிலும் ஜோகூரிலும் வேலை செய்கிற கிழக்குக் கரைக்காரர்கள் மொத்தமாக ஊர் திரும்பும் வாரம் அது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளி, சனியும் வேண்டாம்.

2. ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இதோடு முடிந்தது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். எம்டிஏசி என்று சொல்வார்கள். 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்துதான் நிரப்ப முடியும், கட்டணம் கிடையாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தேடுபொறியில் எம்டிஏசி என்று தட்டினால் பணம் கேட்கும் தளங்கள் அச்சு அசலாக அரசாங்கத் தளம் மாதிரியே வந்து நிற்கும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். பணம் கேட்டால் அது அந்தத் தளம் இல்லை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. வேலை அனுமதி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதுதான் உங்களை உள்ளே விடும்.

சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும். 2பி உரிமம் 200 சிசி வரை, 2ஏ 400 சிசி வரை என்பது அங்கேயும் மாறாது. கற்றுக்கொள்வோர் உரிமத்தோடு எல்லை தாண்டக் கூடாது.

வண்டியின் பதிவு விவரத்தைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் அச்சிடுங்கள். காப்புறுதிச் சான்றிதழையும் அச்சிடுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். மழையில் நனைந்த கைப்பேசியைச் சாலையோரத்தில் போலிஸ்காரரிடம் நீட்டுவதைவிடப் பிளாஸ்டிக் உறையில் இருக்கும் தாளை நீட்டுவது எவ்வளவோ சுலபம்.

நண்பரின் வண்டி என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் வேண்டும். அது மட்டும் போதாது, அடுத்த படியைப் படியுங்கள். வாடகை வண்டி என்றால் மலேசியாவுக்குக் கொண்டுபோகலாம் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகள் அனுமதிப்பதில்லை, அனுமதிக்கிற சில கடைகள் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள்.

3. காப்புறுதி: இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்

சிங்கப்பூரில் எடுக்கும் பைக் காப்புறுதி பெரும்பாலும் மேற்கு மலேசியாவிலும் செல்லும். ‘செல்லும்’ என்ற அந்த ஒரு சொல்லோடு மனநிறைவு அடைந்துவிடாதீர்கள். நான் என் காப்புறுதி நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது “மலேசியாவும் இதில் அடங்கும் சார்” என்று உடனே பதில் வந்தது. ரொம்பின் பக்கம் வண்டி நின்றுபோனால் யார் இழுத்து வருவார்கள் என்று கேட்டதும் இன்னொருவருக்கு மாற்றினார்கள், அவர் வேறொருவருக்கு மாற்றினார். கடைசியில் தெரிந்தது, இழுவைச் சேவை சிங்கப்பூருக்குள் மட்டும்தான். இது சிறு எழுத்தில் இருக்கும். அவர்களாகச் சொல்வதே இல்லை. எனக்கு அதில் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஆகவே அழைத்து நான்கு கேள்வி கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டியை ஓட்டப்போகிற ஆளின் பெயர் காப்புறுதியில் இருக்கிறதா? பைக் காப்புறுதி பல சமயம் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநருக்கு மட்டுமே செல்லும். நண்பரின் கடிதம் இருந்தும் உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் பயனில்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியா, முழுக் காப்புறுதியா? சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் முதலாவதுதான் எடுத்திருப்பார்கள். அதில் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது, அடிபட்ட அடுத்தவருக்குத்தான்.

வண்டி மலேசியாவில் திருடு போனால் கிடைக்குமா? எல்லைக்கு அப்பால் இழுவைச் சேவை உண்டா?

வண்டிக் காப்புறுதி உங்கள் கை கால் முறிவுக்கு வராது என்பதால் பயணக் காப்புறுதி தனியாக எடுங்கள். எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவது விலக்கப்பட்டிருக்கிறதா என்று விலக்குப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். சில திட்டங்களில் விலக்கியிருக்கிறார்கள்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள போலிஸ் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மலேசியாவில் அவசர எண் 999.

4. வண்டி

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 150 சிசி வண்டி தாராளமாகப் போதும். உண்மையில் அதுதான் வசதியும்கூட, ஏனென்றால் மெர்சிங்கிலும் ரொம்பினிலும் உள்ள ஒர்க்‌ஷாப்களில் 150 சிசி யமஹா, ஹோண்டா வண்டிகளுக்கு உதிரிப்பாகம் உடனே கிடைக்கும். பெரிய வண்டி என்றால் குவாந்தானில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எண்ணெய் மாற்றி, டயர், பிரேக், சங்கிலி பார்த்துவிடுங்கள். முதல் நாள் இரவு பார்த்தால் கோளாறு தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. டியூப் இல்லாத டயர் என்றால் பஞ்சர் அடைக்கும் கிட் ஒன்று. சங்கிலிக்குப் போடும் எண்ணெய், சின்னப் புட்டி. மழைக்கோட்டு மேல், கீழ் தனித்தனியாக இருப்பது நல்லது.

5. கடற்பாலத்தைத் தாண்டுவது

கிழக்குக் கரைக்கு உட்லண்ட்ஸ்தான் பக்கம். துவாஸ் வழியாகப் போனால் ஜோகூரைச் சுற்ற வேண்டும்.

நேரக் கணக்கு எளிது. வேலை நாள் அதிகாலையில் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் பைக் வெள்ளம் வரும். மாலையில் அதே வெள்ளம் திரும்பும். நீங்கள் எதிர்த்திசையில் போக வேண்டும். வியாழன் காலை ஏழு மணிக்கு உட்லண்ட்ஸில் இருந்தால் எதிர்ப்புறம் நெருக்கியடித்து வரும், உங்கள் பக்கம் காலியாக இருக்கும். வெள்ளி மாலை, சனி காலை இரண்டும் மோசம். ஒன்மோட்டரிங் தளத்தில் கடற்பாலத்துக் கேமரா படம் தெரியும், வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

சாவடிக்குள் நுழையும் முன்பே கையுறையைக் கழற்றி, தலைக்கவசக் கண்ணாடியை மேலே தூக்கிவிடுங்கள். கடவுச்சீட்டை முதுகுப்பையில் வைக்காமல் ஜிப் போட்ட சின்னப் பையில் கழுத்தில் தொங்கவிட்டு, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவசரப்பட்டுத் தேடினால் எதையாவது கீழே போடுவோம். சிங்கப்பூர் பக்கம் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் வரும் கியூஆர் குறியீடு போதும் என்பதால் சிலர் கடவுச்சீட்டையே வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். மலேசியப் பக்கம் அது இல்லாமல் நகர முடியாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மலேசியப் பக்கம் ஆள் இருக்கும் முகப்புக்குப் போய், கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கியதும் முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பாருங்கள். முத்திரை இல்லாமல் உள்ளே போய்விட்டால் வெளியே வரும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்க் கார்களுக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி கட்டாயம் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. பைக்குகளை அதில் சேர்க்கவில்லை. விதி மாறக்கூடியது, அதனால் கிளம்பும் வாரத்தில் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. பெட்ரோலும் பணமும்

மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு ரான்95 வகைப் பெட்ரோல் போடக் கூடாது. அது அந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து விற்கும் எண்ணெய். பைக்தானே, நாலு லிட்டர்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரான்97 மட்டும். விலை வாரந்தோறும் மாறும். 150 சிசி வண்டிக்கு முழுப் பயணத்துக்கும் ஏறத்தாழ 20 லிட்டர் பிடிக்கும்.

முதலில் உள்ளே கல்லாவில் பணம் கட்டி, பம்ப் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் நடுவில் 90 கிலோமீட்டர் போல வருகிறது, ரொம்பினுக்கும் பெக்கானுக்கும் நடுவிலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு இடத்திலும் நிலையங்கள் குறைவு. தொட்டி பாதி இறங்கியதும் நிரப்புங்கள்.

விரைவுச்சாலைகளில் பைக்குக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. சாவடியின் இடது ஓரத்தில் பைக்குக்கென்று தனிவழி இருக்கும்.

சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சிலவற்றை வைத்து மலேசியாவின் டியூட்நவ் கியூஆர் குறியீட்டில் பணம் கட்டலாம். ஊர் நடுவில் உள்ள கடைகளில் இது நன்றாக வேலை செய்யும். ஆற்றங்கரையில் கெரோப்போக் என்னும் மீன் அப்பளம் பொரிக்கும் அக்காவிடம் ரொக்கம்தான். 300 ரிங்கிட்டாவது, அதுவும் பத்தும் இருபதுமாக, கையில் வைத்திருங்கள்.

மொத்தச் செலவு ஒருவருக்கு இப்படி வரும்: சாதாரண அறை இரவுக்கு 80 முதல் 120 ரிங்கிட், நான்கு இரவு. சாப்பாடு நாளுக்கு 50 ரிங்கிட் வைத்தால் தாராளம். பெட்ரோல், சில்லறைச் செலவு சேர்த்து 800 ரிங்கிட் பக்கம். நம் கணக்கில் 250 சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி. இணையத்தில் முன்பதிவு செய்த அறைக்கும் விடுதியில் போய் நின்றதும் இன்னும் 10 ரிங்கிட் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட்.

7. வழி, நாள் வாரியாக

முதல் நாள் மெர்சிங் வரை. ஜோகூர் பாருவுக்குள் கோத்தா திங்கி என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு போனால் உலு திராம் வழியாக நகரத்தை விட்டு வெளியேறிவிடலாம். இந்தப் பகுதி அழகில்லை, லாரியும் சிக்னலும்தான். கோத்தா திங்கியில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். தமிழில் பேசினாலே போதும், அடுத்த மேசையில் இருக்கும் அண்ணன் வழியும் சொல்லி வானிலையும் சொல்வார்.

அதற்குப் பிறகு செம்பனைத் தோட்டங்கள். இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் திருப்பங்களில் உதிரிப் பழங்களைச் சிந்திவிட்டுப் போகும். நாவற்பழ அளவில், செம்மஞ்சளாக, நசுங்கினால் எண்ணெய் கசியும் பழம். அதன் மேல் முன்சக்கரம் ஏறினால் வழுக்கும். திருப்பத்துக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்து, சாலையில் செம்மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். யானை கடக்கும் பகுதி என்ற பலகைகளும் இந்தச் சாலையில் உண்டு. அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் ஓட்டவே வேண்டாம்.

மெர்சிங் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊர். அதனால் அறைகள் நிறைய. மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போய்வாருங்கள், பத்து கிலோமீட்டர் அளவுதான்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் மணிமகுடம். மெர்சிங்கிலிருந்து குவாந்தான் வரை 190 கிலோமீட்டர் போல. எண்டாவ் ஆற்றுப் பாலத்தில் ஜோகூர் முடிந்து பகாங் தொடங்குகிறது. பாலம் ஏறும் முன் இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். கீழே மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை காயும், கருவாட்டு வாசனை தூக்கும். ரொம்பினில் ஆற்று இறால் பெயர் பெற்றது. உடாங் காலா என்று கேளுங்கள், எடைக்கு விலை என்பதால் சமைக்கும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நெனாசி வழியாகப் பெக்கான். பகாங் அரச குடும்பத்தின் ஊர். மலேசியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆறான பகாங் ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். குவாந்தானை ஐந்து மணிக்கு முன் தொட்டுவிட்டால் போதும்.

மூன்றாம் நாள் 45 கிலோமீட்டர்தான். பெசேரா, பாலோக் என்று கடற்கரைக் கிராமங்கள் வழியே செராத்திங். காலையில் போய் அறையில் பையைப் போட்டுவிட்டுக் கடலில் இறங்கலாம். இன்னும் மனம் வந்தால் பையில்லாமல் 30 கிலோமீட்டர் மேலே கெமாமான் வரை போய், மீன் விழுதை வாழையிலையில் சுட்ட சாத்தாரும், கெரோப்போக் லெக்கோர் என்னும் மீன் பலகாரமும் சாப்பிட்டு வாருங்கள். கெமாமான் திரங்கானு மாநிலம், அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் ஒர்க்‌ஷாப்களும் இரண்டு மணி நேரம் மூடியிருக்கும்.

கோலா திரங்கானு வரை போய்விடலாமே என்று தோன்றும். வேண்டாம். போகவர 300 கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும். இந்தச் சாலையை ரசிக்க வந்துவிட்டு அதை ஓட்டித் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்காம் நாள் அதே வழியில் மெர்சிங் வரை. ஐந்தாம் நாள் வீடு.

இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் உள்ள டெசாரு பக்கம் போங்கள். தஞ்சோங் பாலாவ் மீனவக் கிராமம், சுங்கை ரெங்கிட்டில் கடலுணவு, ஓர் இரவு தங்கல். புதிதாக 2பி உரிமம் வாங்கியவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் செராத்திங் போகலாம்.

8. சாலையில்

கூட்டரசுச் சாலையில் பொதுவாக மணிக்கு 90 கிலோமீட்டர். ஊருக்குள் 60 அல்லது அதற்கும் கீழே. பெருநாள் காலத்தில் 80 ஆகக் குறைப்பார்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். இரட்டைக் கோட்டில் முந்தக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் முந்துவதைப் பார்த்து நீங்களும் பின்னாலேயே போகாதீர்கள். அவர்களுக்கு அந்தத் திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியும்.

கம்பத்து, அதாவது கிராமத்துச் சாலைகளில் மாடு, ஆடு, குரங்கு எல்லாம் குறுக்கே வரும். மாட்டுக்கு முன்பக்கம் போகாமல் பின்பக்கமாகப் போங்கள். கைப்பேசி சிக்னல் தோட்டப் பகுதிகளில் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிவிடுங்கள். போக்குவரத்துக் குற்றத்துக்கு அபராதச் சீட்டு வந்தால் மலேசியப் போலிஸின் மைபாயார் செயலியில் கட்டி, ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

9. திரும்பி வருவது

ஞாயிறு மாலை கடற்பாலத்தில் இருக்காதீர்கள். வியாழன் கிளம்பினால் ஐந்தாம் நாள் திங்கள் வரும், அது நல்லது. மெர்சிங்கில் எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் அதிகாலைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு பதினொன்றரை, பன்னிரண்டுக்கு ஜோகூர் பாரு. ஒன்பது மணிக்கு முன் அங்கே வந்துவிட்டால் வேலைக்கு வருகிறவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. மதுவுக்கும் மலேசியாவிலிருந்து வரும்போது சலுகை இல்லை. மின்சிகரெட்டை, நண்பருடையது என்றாலும், பையில் வைத்து வராதீர்கள். மற்றப் பொருள்களுக்கு 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. பெக்கானிலோ செராத்திங்கிலோ பத்திக் துணி வாங்கினால் ரசீதைத் தனியாக எடுத்து வையுங்கள். காய்ந்த கெரோப்போக்கைப் பையின் மேலாக வைத்துக் கட்டுங்கள், அடியில் வைத்தால் நொறுங்கிவிடும்.